வெள்ளையாகப் பிறந்த சிவப்பு மஸ்டாங்

கேள்வி: அமெரிக்கா வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். பழைய அமெரிக்க கார் ஒன்றை வாங்கி வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஃபோர்டு மஸ்டாங் என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது இரண்டு கார்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, ஃபுளோரிடாவில் ஒரு வியாபாரி விற்கும் 1965 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் வடிவம்). ‘ஜி.டி.’ (ஃபோர்டின் சிறப்புத் தொகுப்பு உள்ளது) என்று விளம்பரம் செய்திருக்கிறார், பளபளவென்ற சிவப்பு, 46,000 டாலர். மற்றொன்று, பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு பெரியவரிடம் இருக்கும் 1966 கூப்பே (சாதாரண இரண்டு கதவு வடிவம்). 1971 முதல் அவரிடமே இருக்கிறது, ரசீதுகள் நிறைந்த ஃபைல் ஒன்றும் வைத்திருக்கிறார், பெயின்ட் மங்கிவிட்டது, 21,500 டாலர் கேட்கிறார். இரண்டையும் இன்னும் நேரில் பார்க்கவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்? பின்னால் விலை ஏறுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை (வயது 6, 10) ஏற்றிக்கொண்டு வெளியே போகலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு மிகவும் உதவியது, சிவப்பு காரின் ஓட்டுநர் பக்கக் கதவில் இருக்கும் சின்ன அலுமினியத் தகட்டின் படம். பானெட், சீட், சக்கரம் என்று வியாபாரி நாற்பது படம் எடுத்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு தகட்டை வைத்தே பாதி பதிலைச் சொல்லிவிடலாம்.

தகட்டின் கீழ் வரிசையில் உள்ள எண் 5, எஃப், 09, சி என்று தொடங்குகிறது. 5 என்றால் 1965 மாடல். எஃப் என்றால் மிச்சிகனில் டியர்பார்ன் ஆலையில் செய்தது. (ஆர் என்றிருந்தால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, டி (T) என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன்.) 09 என்றால் ஃபாஸ்ட்பேக்; 07 கூப்பே, 08 கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கக்கூடியது). இதுவரை எல்லாம் சரி. அடுத்த எழுத்துதான் விஷயம். சி என்பது 289 கன அங்குல வி8 இன்ஜினில் இரட்டை வாய் கார்புரேட்டர் வைத்தது, 200 குதிரைத்திறன். ஜி.டி. தொகுப்பை ஃபோர்டு அந்த இன்ஜினோடு விற்கவே இல்லை. நான்கு வாய் கார்புரேட்டர் வைத்த 225 குதிரைத்திறன் இன்ஜினுக்கும் (எழுத்து ஏ), 271 குதிரைத்திறன் இன்ஜினுக்கும் (எழுத்து கே) மட்டும்தான் கொடுத்தார்கள்.

மேல் வரிசையையும் பாருங்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 14கே என்று இருக்கிறது. மாதங்களுக்கு ஏ, பி, சி என்று வரிசையாக எழுத்து வைத்திருந்தார்கள், ஐ-யை மட்டும் விட்டுவிட்டார்கள். அதனால் கே என்பது அக்டோபர். 1965 மாடல் என்பதால் இந்தக் கார் 1964 அக்டோபர் 14-ஆம் தேதிக்கென்று குறிக்கப்பட்டது. ஜி.டி. தொகுப்பு வெளிவந்ததோ 1965 ஏப்ரலில், மஸ்டாங் அறிமுகமாகி ஒரு வருடம் நிறைந்ததை ஒட்டி. ஆறு மாதம் முன்னால் செய்த காரில் அது இருக்க வழியே இல்லை. இன்னொன்று: வண்ணத்துக்கான இடத்தில் எம் என்று இருக்கிறது. அது விம்பிள்டன் ஒயிட். இந்தக் கார் வெள்ளையாகப் பிறந்தது.

தகடு மாற்றப்பட்டதாக இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இருக்கலாம், புதிதாக அச்சடித்த தகடுகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் பணம் கொடுத்துத் தகடு அடிப்பவர் காரின் மதிப்பைக் கூட்டத்தான் அடிப்பார், குறைக்க அடிக்க மாட்டார். அதனால் இது பழைய தகடாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

வியாபாரி பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. முன் கிரில்லில் ஃபாக் லைட், பக்கவாட்டில் கோடு, பின்னால் இரட்டை எக்ஸாஸ்ட் குழாய் எல்லாம் பல வருடம் முன்பு யாரோ ஆசைக்கு மாட்டியதாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அது யாரையும் ஏமாற்றுகிற வேலையும் இல்லை. ஆனால் இன்று ‘ஜி.டி.’ என்ற இரண்டு எழுத்துக்கும் சேர்த்து விலை வைத்திருக்கிறார். அதற்கு நீங்கள் பணம் தரக் கூடாது. வெறும் ஃபாஸ்ட்பேக் என்ற அளவிலேயே அது நல்ல மதிப்புள்ள கார்தான். 1965 மாடல் வருடத்தில் 5,01,965 கூப்பேக்கள் செய்தார்கள், ஃபாஸ்ட்பேக் 77,079 மட்டுமே. விலை வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் இதுதான். சாதாரண ஃபாஸ்ட்பேக்குக்கு என்ன விலையோ அதைப் பேசுவதாக இருந்தால் பேசலாம். அதற்கு முன் அடியில் பார்க்க வேண்டும்.

இனிமேல் சொல்வதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. இந்தக் காருக்குத் தனியாக சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தளத் தகடும் பக்கத் தகடுகளும் முன்பக்கக் கம்பிகளும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டதுதான் காரின் எலும்பு. இன்ஜின் போனால் புதிதாகக் கட்டிவிடலாம், நல்ல 289 இன்ஜினைக் கட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கியர்பாக்ஸ், சீட், டேஷ்போர்டு, கண்ணாடி, லைட் எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மஸ்டாங்குக்குக் கிடைக்கிற மாதிரி உதிரி பாகம் வேறெந்தப் பழைய காருக்கும் கிடைப்பது அபூர்வம். இரும்பு அரித்துவிட்டால்தான் பணம் தண்ணீராய்ப் போகும். வெட்டி, வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் இரண்டு இன்ஜின் கட்டுகிற செலவைத் தாண்டிவிடும். அதனால் பளபளப்பான பெயின்ட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். மங்கிய பழைய பெயின்ட் எதையும் மறைக்காது.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நான் மிச்சிகனில் பழைய கார்களை வாங்குபவர்களுக்காகப் பரிசோதித்துச் சொல்லும் வேலை செய்கிறேன். இந்த வேலைக்கு வருவதற்கு முன் எனக்காக வாங்கிய முதல் மஸ்டாங், புதுப் பெயின்ட் அடித்த நீல நிறக் கூப்பே. வெயில் காலத்தில் வாங்கினேன். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. முதல் பெரிய மழையில் பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி காலைத் தூக்கிக்கொண்டார். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், அடியில் இருந்தது தகடு இல்லை. கண்ணாடி இழைத் துணியைப் பசை வைத்து ஒட்டி, அதன் மேல் தார் பூசியிருந்தார்கள். விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அதைச் சரிசெய்ய, காரின் விலையில் கிட்டத்தட்டப் பாதியை மறுபடியும் செலவழித்தேன். ஒரு மழை நாளில் தெரிந்திருக்க வேண்டியதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அது எப்படி என்று சொல்கிறேன், நீங்களே செய்யலாம். முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில் வரிசையாகக் காற்றுத் துளைகள் இருக்கும். அதன் வழியாக மழைநீரும் உள்ளே போகும். உள்ளே ஒரு தொட்டி போன்ற பகுதி. தண்ணீர் அதன் இரு ஓரமும் வழிந்து கீழே இறங்கிவிட வேண்டும். அந்தத் தொட்டியில், காருக்குள் காற்று வருவதற்காக இரண்டு வட்டத் துளைகள் உண்டு, அவற்றைச் சுற்றித் தண்ணீர் உள்ளே வராதபடி தகட்டில் கழுத்து எழுப்பியிருப்பார்கள். அறுபது வருடமாக அங்கே சருகு விழுந்து, மக்கி, ஈரம் தங்கி, அந்தக் கழுத்து அரித்துப் போயிருக்கும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் காருக்குள் படுத்து டார்ச் அடித்து டேஷ்போர்டின் அடியைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒரு ஜாடித் தண்ணீரைத் துளைகளின் மேல் மெதுவாக, இடது ஓரமும் வலது ஓரமும், ஊற்ற வேண்டும். ஒரு சொட்டுகூட உள்ளே விழக் கூடாது. விழுந்தால், டேஷ்போர்டைக் கழற்றி, ஸ்பாட் வெல்டிங்கை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, அந்தப் பகுதியையே பிரித்துச் செய்ய வேண்டிய வேலை. விலையைப் பேசும்போது அதைக் கணக்கில் வையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள். தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்று சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

அப்புறம் பேட்டரி. இந்த வருடக் கார்களில் அது இன்ஜின் அறையின் முன்பக்கம், வலது ஓரத்தில் இருக்கும். அமிலம் கசிந்து அதன் அடித் தகட்டையும், அதற்குக் கீழே ஓடும் முன்பக்கக் கம்பியையும் தின்றிருக்கும். பேட்டரியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். டிக்கியைத் திறந்து விரிப்பை எடுங்கள்: தெரிகிற தரை பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேல் தகடு. டேங்கே டிக்கியின் தரையாக இருக்கிறது. இந்தக் காரில் பலருக்குத் தெரியாத விஷயம் இது, இதற்குப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன். டேங்கின் இரு பக்கமும், பின் மட்கார்டை ஒட்டிக் கீழே இறங்கும் பள்ளங்களில் துருவைத் தேடுங்கள். பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள விளிம்பில், மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். எங்கே பிடி தளர்கிறதோ அங்கே பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் பட்டி இருப்பது குற்றமில்லை. உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை என்றால் அங்கே தகடே இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது பிட்ஸ்பர்க் கூப்பேக்கு வருவோம். அதன் எண் 6, டி, 07, சி என்று தொடங்குகிறது. 1966, மெட்டச்சன் ஆலை, கூப்பே, அதே 200 குதிரைத்திறன் வி8. பெரியவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. படத்தில் சக்கரத்துக்கு ஐந்து போல்ட் இருக்கிறது, வி8 கார்களுக்கு ஐந்துதான். ஆறு சிலிண்டர் கார்களுக்கு நான்கு. நான்கு போல்ட்டோடு வி8 என்று யாராவது விற்றால், பின்னால் இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே கை, ரசீதுகள் நிறைந்த ஃபைல் ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சேகரிப்பாளருக்கு அந்த ஃபைல் பெரிய சொத்து. காரோடு அதையும் தருவதாக எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது. பென்சில்வேனியாவில் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். பெரியவர் பனிக்காலத்தில் இந்தக் காரை எடுத்தாரா என்று நேராகக் கேளுங்கள். எண்பதுகள் வரை தினசரி ஓட்டினேன் என்று சொன்னால், தளத்தை ஒரு முறையாவது மாற்றியிருப்பார், அந்த ரசீது ஃபைலில் இருக்க வேண்டும். லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், மஸ்டாங் கிளப் ஆஃப் அமெரிக்காவின் கிளைகள் பல ஊர்களில் உண்டு. அந்தப் பக்கத்துக் கிளையில் கேட்டால், பார்த்துச் சொல்லக்கூடிய அனுபவசாலி ஒருவர் கிடைப்பார். ஃபுளோரிடா காருக்கும் இதேதான், அங்கே உப்பு கடல்காற்றில் வரும்.

காகிதங்கள். 1968-க்கு முன் முன்கண்ணாடி வழியாகத் தெரிகிற எண் இந்தக் கார்களில் கிடையாது. பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்க மட்கார்டின் உள் தகட்டில் எண் அடித்திருப்பார்கள், அது தெரிவதற்கென்றே மட்கார்டு விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) இருக்கும் எண்ணும், கதவுத் தகட்டில் இருப்பதும், இங்கே இரும்பில் அடித்ததும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். எண் அடித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். டைட்டிலில் விற்பவர் பெயர்தான் இருக்க வேண்டும், முந்தைய உரிமையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டைட்டிலை அப்படியே உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள். இன்றைய கார்களுக்குப் பணம் கட்டி வாங்கும் விபத்து வரலாற்று அறிக்கைகளை நம்பி இருக்க வேண்டாம். அவை 1981 முதல் வந்த பதினேழு எழுத்து எண்களுக்காகச் செய்யப்பட்டவை, உங்கள் கார்களின் எண்ணில் பதினொரு எழுத்துதான்.

‘ஒரிஜினல் இன்ஜின், எண் பொருந்தும்’ என்று இரண்டு பேரில் யாராவது சொன்னால், எந்த எண் என்று கேளுங்கள். 1965, 66-இல் கே எழுத்து இன்ஜின்களில் மட்டுமே காரின் எண்ணை அடித்தார்கள். சி எழுத்து இன்ஜினில் அடிக்கவில்லை. பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும். அது காரின் தேதிக்குச் சில வாரமோ ஓரிரு மாதமோ முந்தியதாக இருந்தால், அதே இன்ஜினாக இருக்க வாய்ப்புண்டு என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளை வைத்துத் தரப்படும் மார்ட்டி அறிக்கையும் 1967 மாடல் முதல்தான் கிடைக்கும். இந்த இரண்டு வருடக் கார்களுக்கு உள்ள சாட்சி தகடும், இரும்பும், பெரியவரின் ஃபைலும் தான்.

விலை ஏறுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: அதை நம்பி வாங்காதீர்கள். 1964 ஏப்ரல் 17-ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் ஆரம்ப விலையில் வந்த இந்தக் கார், இரண்டு வருடம் முடிவதற்குள் பத்து லட்சத்தைத் தொட்டது. உங்கள் கூப்பேயின் வருடமான 1966-இல் மட்டும் 4,99,751 கூப்பேக்கள். எல்லோரும் வாங்க முடிகிற கார் என்பதுதான் அதன் பெருமை, அதனால் அது அரிய பொருள் ஆகாது. நல்ல கூப்பேயை நன்றாக வைத்திருந்தால் போட்ட பணத்துக்குப் பெரிய சேதம் வராது என்று என்னால் சொல்ல முடியும். காப்பீடு, கராஜ், டயர், வருடா வருடம் வரும் சின்னச் செலவுகளை எல்லாம் சேர்த்து லாபம் வரும் என்று சொல்ல முடியாது. வாங்கிய அன்றே சேகரிப்புக் கார்களுக்கான காப்பீடு எடுங்கள். அதில் காரின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிவிடுவார்கள். சாதாரண காப்பீட்டில் விட்டால், கார் போய்விட்ட பிறகு அறுபது வருடத் தேய்மானம் பேசுவார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். இந்தக் காரில் தோள் பெல்ட் இல்லை, இடுப்பு பெல்ட் மட்டும்தான். பூஸ்டர் சீட் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) சரியாக வேலை செய்யத் தோள் பெல்ட் வேண்டும், உங்கள் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பூஸ்டர் தேவை. பிரேக்குக்கு ஒரே எண்ணெய் வழி. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும். முன்னும் பின்னும் தனித்தனி வழி 1967 மாடலில்தான் வந்தது. மோதினால் மடங்கிக்கொடுக்கும் ஸ்டியரிங் தண்டும் இதில் இல்லை. பின்னால் ஒரு வண்டி இடித்தால், டிக்கியின் தரையாக இருக்கும் அந்த டேங்குக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் அட்டையும் சீட்டின் பஞ்சும்.

சரி, செய்ய முடிந்தது என்ன? முதல் வாரமே எல்லா பிரேக் ரப்பர் குழாயையும் மாற்றுங்கள். இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரும், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போடுங்கள். டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் இரும்புத் தகட்டுத் தடுப்பு வையுங்கள். மூன்று முனை பெல்ட்டை அனுபவமுள்ளவரிடம் கொடுத்துப் பொருத்துங்கள். கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் சீட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டு வையுங்கள், நாளைக்கு வாங்குபவர் பழையபடி வேண்டும் என்று கேட்டால் கொடுக்கலாம். மதிப்பு குறைந்துவிடுமோ என்று பயந்து பிரேக்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். இதெல்லாம் முடியும் வரை நீங்கள் மட்டும் ஓட்டுங்கள். முடிந்த பிறகும் நெடுஞ்சாலை வேண்டாம், ஊருக்குள் மெதுவாகப் போங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டும் வருடத்தையும் குறிக்கும். பெரியவரின் காரில் படத்தில் தெரிகிற டயர் 2309. அதாவது 2009-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் தேயாமல் புதிது போல் இருந்தாலும் ரப்பர் காய்ந்திருக்கும். அந்த டயரில் கொலம்பஸ் வரை ஓட்டி வர வேண்டாம், டிரெய்லரில் ஏற்றி வாருங்கள்.

ஆக, என் வாக்கு கூப்பேக்கு, அடித்தகடு தேறினால். மிச்சப் பணம் பிரேக்குக்கும் பெல்ட்டுக்கும் போதும், பெயின்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மங்கிய பெயின்ட் ஆலையிலிருந்து வந்ததாக இருந்தால் தொடவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஃபுளோரிடா வியாபாரிக்கு, சி எழுத்தையும் 14கே-யையும் சுட்டிக்காட்டி மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். விலையை இறக்கினால் அப்போது யோசிக்கலாம்.

கொலம்பஸிலிருந்து பிட்ஸ்பர்க் மூன்று மணி நேரம். பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் கார் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படி எழுகிறது என்பதை நீங்கள் கேட்க வேண்டும். டார்ச், காந்தம், பழைய போர்வை, தண்ணீர் ஜாடி, கூட ஒரு நண்பர். தண்ணீர் ஊற்றும்போது டேஷ்போர்டின் அடியை இரு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு அன்று மாலையே பதில் எழுதுகிறேன்.